நாற்பதில் ஏழு

ஓட்டப்பிடாரத்தில் எங்கள் பெரிய வாப்பா வாழ்ந்த வீட்டின் நடுக்கூடத்தில், தேக்குப் பெட்டகத்துக்கு நேர்மேலே, இரண்டு மரமுளைகளின்மீது ஒரு பழைய துப்பாக்கி கிடந்தது. விடுமுறைக்குத் தூத்துக்குடியிலிருந்து செல்லும் எங்களுக்கு அந்த ஊரில் நுங்குக்கும் பனங்கிழங்குக்கும் அடுத்தபடியாக ஆசைப்பொருள் அதுதான். தொட அனுமதி கிடையாது. பார்க்கலாம், கதை கேட்கலாம்.

கதையைப் பெரிய வாப்பாவே சொல்வார்கள். இஷாத் தொழுது வந்து திண்ணையில் அமர்ந்ததும் பிள்ளைகள் நாங்கள் சூழ்ந்துகொள்வோம். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்த இரவு. காயம்பட்ட வீரர் ஒருவர் கரிசல் காட்டின் வழியே தப்பி வந்து, எங்கள் பாட்டனாரின் பாட்டனார் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். உள்ளே அழைத்துக் கஞ்சி கொடுத்துக் காயத்தைக் கட்டுகிறார்கள். விடியுமுன் புறப்படும்போது அவர் தம் துப்பாக்கியை நீட்டி, “இதை வைத்திருங்கள், திரும்பி வரும்போது வாங்கிக்கொள்கிறேன்” என்கிறார். அவர் திரும்பி வரவேயில்லை.

இந்த இடத்தில் பெரிய வாப்பா சற்று நிறுத்துவார்கள். அப்போது ஐந்து வயதுச் சிறுமியாக இருந்த என் தங்கை, அதாவது அவர்களுடைய ஒரே மகள், தவறாமல் கேட்பாள்: “இப்போ அவர் வந்தா என்ன செய்வீங்க வாப்பா?” அவர்கள் தவறாமல் விடை சொல்வார்கள்: “கொடுத்துவிட வேண்டியதுதான். அமானிதம் அல்லவா!”

1801ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் விழுந்த கோட்டையின் வீரர், 170 ஆண்டுகள் கழித்துத் துப்பாக்கியைக் கேட்டு வரமாட்டார் என்று எண்ணும் வயது எங்கள் எவருக்கும் ஆகியிருக்கவில்லை. வாசலில் காலடி ஓசை கேட்டால் திரும்பிப் பார்ப்போம்.

பெரிய வாப்பா 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தமது தொண்ணூற்று மூன்றாம் வயதில் வபாத்தானார்கள். துப்பாக்கிக்கு அவர்கள் பெயரில் உரிமம் இருந்தது. முன்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்புக்காக வைத்துக்கொள்ள 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமம் வழங்க இடமளிக்கிறது. காட்டுப்பன்றி கம்பையும் சோளத்தையும் உழுது போடும் ஊர்களில் இத்தகைய உரிமங்கள் புதியன அல்ல. ஆனால் உரிமம் பெற்றவர் மறைந்துவிட்டால், வாரிசுகள் அதனை வீட்டில் வைத்திருத்தல் கூடாது. காலம் தாழ்த்தாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு, அதன்பின் தம் பெயருக்கு விண்ணப்பிக்க வேண்டும். என் தமையன்மார் அவ்வாறே ஒரு வணிகரிடம் ஒப்படைத்துச் சீட்டுப் பெற்றுவந்தனர். மரமுளைகள் இரண்டும் சுவரில் வெறுமனே நின்றன.

அதுவரை அந்தத் துப்பாக்கிக்கு ஒரு விலை உண்டு என்று எவரும் எண்ணியதில்லை. அந்த எண்ணத்தைக் கொண்டுவந்தது செய்தித்தாள்.

அவ்வாண்டு மே மாதம் 23ஆம் நாள் இலண்டனில் நடைபெற்ற ஏலத்தில், திப்பு சுல்தானின் பள்ளியறையிலிருந்து எடுக்கப்பட்ட வாள் ஒன்று ஒரு கோடியே நாற்பது இலட்சம் பவுனுக்கு விலைபோயிற்று. நம் நாணயத்தில் 140 கோடி ரூபாய்க்கு மேல். தமிழ்நாட்டு ஏடுகள் எல்லாம் அச்செய்தியைப் பெரிதாக வெளியிட்டன. எங்கள் மூத்த காக்கா அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

“தம்பி, திப்பு சுல்தான் ஷஹீதானது எந்த ஆண்டு?”

“1799, மே 4.”

“கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது?”

“அதே 1799, அக்டோபர் 16.”

“பார்த்தாயா! இரண்டும் ஒரே காலம். அந்த வாளுக்கு 140 கோடி என்றால், நம் துப்பாக்கிக்கு ஒரு 20 இலட்சமாவது வராதா?”

கணக்கை அவர் முன்னதாகவே போட்டுவிட்டார். சென்னையிலிருந்து தரகர் ஒருவரும் தொலைபேசியில் பேசியிருந்தார். கட்டபொம்மன் படையில் இருந்த துப்பாக்கிதான் என்று ஒரு சான்று வேண்டும். குடும்பத்தார் கையொப்பத்தோடு வரலாறு அறிந்த ஒருவரின் கையொப்பமும் இருந்தால் 20 இலட்சம் பெற்றுத் தரலாம் என்றாராம். வரலாற்று ஆசிரியனாக 33 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். என்னுடைய கையொப்பத்துக்கு அதுவரை எவரும் அவ்வளவு மதிப்பு வைத்ததில்லை.

“முன்பணம் ஏதேனும் கொடுத்தாரா?” என்று கேட்டேன்.

“இல்லை. சான்று கைக்கு வந்ததும்தான்.”

அதன்பின் அவர் சொன்னதுதான் என்னை உறங்கவிடாமல் செய்தது.

பெரிய வாப்பா விட்டுச்சென்றவை ஒரு வீடும் கரிசல் நிலமும். இரண்டும் சேர்ந்து 60 இலட்சம் பெறும் என ஊர்ப் பெரியவர்கள் மதிப்பிட்டிருந்தனர். வாரிசுகள் பெரியும்மா, இரண்டு ஆண்மக்கள், ஒரு மகள். மார்க்கச் சட்டப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று போக, எஞ்சியதில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. சொத்தை நாற்பது கூறாக்கினால் பின்னமின்றிக் கணக்குத் தீரும். பெரியும்மாவுக்கு 5, ஆண்மக்கள் இருவருக்கும் தலைக்கு 14, மகளுக்கு 7.

“துப்பாக்கி 20 இலட்சம் என்றால் மொத்தம் 80 இலட்சம்” என்றார் காக்கா. “தங்கைக்கு நாற்பதில் ஏழு என்பது 14 இலட்சம். நாங்கள் அவளுக்கு அந்தத் துப்பாக்கியையே கொடுத்துவிடுகிறோம். ஆறு இலட்சம் கூடுதலாகவே போகட்டும். உடன்பிறந்தவள்தானே! வீட்டையும் நிலத்தையும் நாங்கள் வைத்துக்கொள்கிறோம். அவளும் சம்மதித்துவிட்டாள். வாப்பாவின் நினைவாக அது தன்னிடம் இருக்கட்டும் என்கிறாள்.”

காக்கா தீயவர் அல்லர். கதையை அவரும் திண்ணையில் கேட்டு வளர்ந்தவரே. இருபது இலட்சம் என்று அவர் சொன்னபோது அதை முழுமையாக நம்பியே சொன்னார். ஆனால் மனிதன் தனக்கு ஆதாயமானதை நம்புவதற்கு மிகுந்த சான்று கேட்பதில்லை. நம் குடும்பங்களில், ‘நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று’ என்று சொல்லிப் பெண்மக்களுக்கு நிலத்தில் உள்ள பங்கை மெல்ல மறந்துவிடும் வழக்கம் இல்லாமலில்லை. இங்கே மறக்கவில்லை, மதிப்பிட்டார்கள். மதிப்பீடு தவறானால் விளைவு ஒன்றுதான்.

என் தங்கை கணவரை இழந்து, தையல் இயந்திரத்தை வைத்தே இரண்டு பெண்களை ஆளாக்கியவள். அத்துப்பாக்கி இருபது இலட்சம் பெறாது போனால், 60 இலட்சத்தில் அவளுக்குரிய பத்தரை இலட்சம் ஒரு மரக்கட்டைக்கும் இரும்புக் குழலுக்கும் கைமாறிப் போகும். அதற்கு அடியில் என் கையொப்பம் இருக்கும்.

“ஒரு வாரம் பொறுங்கள் காக்கா, பார்த்துச் சொல்கிறேன்” என்றேன்.

எங்கள் பாட்டனார் முத்து மதிப்பவர்கள். தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடைபெற்ற முத்துக்குளிப்பே கடைசியானது; அதன்பின் நடைபெறவில்லை. அந்நாள்களில் பாட்டனார் மதிப்பிடும் முறையை வீட்டில் பலமுறை விளக்கியிருக்கிறார்கள். பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருக்கும். அவற்றைப் ‘பெட்டி’ என்பார்கள். 20 துளையுடையது முதற்பெட்டி. ஆயிரம் துளையுடையது கடைசிப் பெட்டி. முத்துகளை அவற்றிலிட்டு முதலில் பருமனைப் பிரிப்பார்கள். பின்னர் உருட்சியும் ஒளியும் பார்த்து, ஆணிமுத்து தொடங்கித் தூள் வரை தரம் பிரிப்பார்கள். அதன்பின் மஞ்சாடி எடை. அதன்பின் செவ்வுக் கணக்கு. கடைசியில்தான் துண்டைப் போட்டுக் கைகளை மறைத்து, விரலைப் பிடித்து விலை பேசுவது. ‘இது எந்த அரசர் கழுத்தில் கிடந்தது தெரியுமா?’ என்று விற்பவர் தொடங்கினால், பாட்டனார் முத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம். “முத்தைக் காட்டு. கதையை அப்புறம் கேட்கிறேன்” என்பது அவர்கள் வழக்கம்.

சிப்பிகளை அரசு ஏலத்தில் விற்றபோது ஆயிரக்கணக்கில் விற்றது; உள்ளே முத்து உண்டா இல்லையா என்பது எவருக்கும் தெரிந்ததில்லை. எடுத்தவர் தம் நற்பேற்றை நம்பி எடுத்தார். ஆயினும் அங்கே பொய் இருக்கவில்லை. சிப்பியைச் சிப்பி என்றே விற்றார்கள். உள்ளே ஆணிமுத்து இருக்கிறது என்று எவரும் சீட்டு எழுதித் தந்ததில்லை. காக்கா என்னிடம் கேட்டது அத்தகைய சீட்டைத்தான்.

கோவில்பட்டியில் வாழும் நண்பர் ஒருவர், இராணுவத்தின் படைக்கலப் பணிமனையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவரை அழைத்துக்கொண்டு, காக்காவையும் உடன் கூட்டிக்கொண்டு, துப்பாக்கி வைக்கப்பட்டிருந்த வணிகரின் கடைக்குச் சென்றேன். அறுபது ஆண்டுகளாக அண்ணாந்து பார்த்த பொருளை அன்றுதான் முதன்முதலாகக் குனிந்து பார்த்தேன்.

நண்பர் வாய் திறக்காமல் வெகுநேரம் அதைப் புரட்டிப் பார்த்தார். பிறகு காக்காவிடம், “இந்தத் தகட்டை யார் தேய்த்தது?” என்று கேட்டார். ஒப்படைக்குமுன் பளபளப்பாக இருக்கட்டும் என்று காக்காவே உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்! “பழைய ஆயுதத்தை விரும்பி வாங்குவோர் அதன் கறுத்த நிறத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். நூறாண்டு நிறத்தை ஒரு நாளில் தேய்த்துவிட்டால் பாதி மதிப்பு அந்தத் தூளோடு போயிற்று” என்றார் நண்பர். முத்தின் மேற்தோலை உரித்தால் அடியில் நல்ல ஒளி வரும் என்று நம்பி உரித்து, முத்தையே இழந்தவர்களைப் பற்றிப் பாட்டனார் சொல்லக் கேட்டது என் நினைவுக்கு வந்தது.

அதன்பின் அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். விசைக்கு மேலே ஒரு சுத்தியல். அது வந்து விழும் இடத்தில் ஒரு சிறு முலைக்காம்பு போன்ற இரும்பு. அதன்மேல் கேப்பு வைத்துச் சுட வேண்டும். அதுவே முதல் சாட்சி. பாஞ்சாலங்குறிச்சிப் போர்க்காலத்தில் நம் பாளையத்து வீரர்கள் வைத்திருந்தவை நீண்ட ஈட்டிகளும் திரியைப் பற்றவைத்துச் சுடும் துப்பாக்கிகளும். கும்பினிப் படையினர் வைத்திருந்தவை சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிப்பவை. தட்டினால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறைக்கு ஸ்காத்லாந்துப் பாதிரியார் அலெக்சாந்தர் பார்சித் உரிமை பெற்றதே 1807ஆம் ஆண்டில்தான். ஆங்கிலேயப் படையில் கேப்புத் துப்பாக்கி பரவியது 1840க்கு ஒட்டிய ஆண்டுகளில். 1801இல் காயம்பட்டு வந்த வீரரின் கையில் இது இருந்திருக்க முடியாது.

தேய்த்த தகட்டில் கிரீடமும், ‘டவர்’ என்ற ஆங்கிலச் சொல்லும், அதற்கு முன்னே 1, 8 என்ற இரண்டு எண்களும் எஞ்சியிருந்தன. மற்ற இரண்டு எண்கள் உப்புத்தாளோடு போய்விட்டன. வடமேற்கு எல்லையில் தர்ரா ஆதம் கேல் போன்ற இடங்களில் கொல்லர்கள் ஆங்கிலத் துப்பாக்கிகளைப் பார்த்துச் செய்த படிகள் ஏராளம் உண்டாம். எழுத்தறியாதவர் வெட்டிய எழுத்தாகையால் அவற்றில் எழுத்துகள் தலைகீழாகவும் பிழையாகவும் இருக்கும். இதில் எழுத்துப் பிழை இல்லை. திருகாணிகளும் சரியாக இருந்தன. “போலி அல்ல, உண்மையான பொருள்தான்” என்றார் நண்பர். காக்காவின் முகம் மலர்ந்தது.

“ஆனால் இது ரைபிள் அல்ல” என்று நண்பர் தொடர்ந்தார்.

குழல் 39 அங்குலம். அதைக் கட்டையோடு பிணைக்கும் வளையங்கள் மூன்று. வெளித்தோற்றத்தில் 1853ஆம் ஆண்டு மாதிரியான என்பீல்டு ரைபிளேதான். அந்த ரைபிளின் குழலுக்குள் மூன்று வரிப்பள்ளங்கள் சுழன்று செல்லும். அவற்றால் குண்டு சுழன்றுகொண்டே பாய்வதால் நெடுந்தொலைவு குறி தவறாது. 1857இல் சிப்பாய்களைக் கிளர்ந்தெழச் செய்த கொழுப்புத் தடவிய தோட்டா இதற்காக வந்ததுதான். நண்பர் விளக்கொளியைக் குழலுக்குள் செலுத்தி என்னைப் பார்க்கச் சொன்னார். பள்ளம் ஒன்றுகூட இல்லை. கண்ணாடி போல் வழவழப்பாக இருந்தது. தேய்ந்து போயிருக்குமோ என்றேன். அளவுகோலை வைத்துக் காட்டினார். ரைபிளின் வாய் 14½ மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இதன் வாய் 16½க்கும் மேல். பின்புறம் தொலைவுக்கேற்ப உயர்த்தும் ஏணிக்குறியும் இல்லை. அசையாத ஒரு சிறு கட்டைதான் இருந்தது.

இதன் பொருளை அவர் விளக்கியபோது, முப்பத்து மூன்று ஆண்டுகள் வரலாறு கற்பித்த எனக்கே அது புதிய பாடமாக இருந்தது. 1857க்குப் பின் ஆங்கிலேயர் இந்தியச் சிப்பாயின் கையில் நல்ல ரைபிளைக் கொடுக்க அஞ்சினர். ஆகவே 1858இல் ஒரு புதிய மாதிரியை வகுத்தனர். பார்வைக்கு வெள்ளைச் சிப்பாயின் ரைபிள் போலவே இருக்கும். உள்ளே குழலைக் குடைந்து வரிகளை எடுத்துவிட்டிருப்பார்கள். நூறு கஜத்துக்கு அப்பால் குறி நிற்பது அரிது. குடைந்ததால் குழலின் சுவர் மெலிந்துபோகவே, மறு ஆண்டில் தடித்த குழலோடு வேறொரு மாதிரி செய்தார்கள். ஒரே அணிவகுப்பில் ஒரே தோற்றமுள்ள இரு துப்பாக்கிகள். ஒன்று நம்பிக்கைக்குரியவனுக்கு, மற்றொன்று நம்பத்தகாதவனுக்கு.

எங்கள் வீட்டுச் சுவரில் இத்தனை காலம் இருந்தது அந்த இரண்டாவது துப்பாக்கி. கட்டபொம்மனின் வீரம் அதில் இல்லை. நம்மவரை ஆண்டவர்களின் அச்சம் இருந்தது. அதற்கும் ஒரு வரலாற்று மதிப்பு உண்டு என்றே எனக்குத் தோன்றிற்று. ஆனால் அதைச் சொன்னால் தரகர் 20 இலட்சம் தரமாட்டார்.

விலையைக் கேட்டோம். கடைக்காரர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: “சட்டப்படி வாங்கக்கூடியவர் உரிமம் உள்ளவர் மட்டுமே. அவருக்கு இது பன்றி விரட்டக்கூட உதவாது. எனக்குக் கொடுப்பதானால் பத்தாயிரம் கொடுப்பேன். அதற்கு மேல் கேட்பாரில்லை.”

காக்கா சட்டைப்பையிலிருந்து செய்தித்தாளை எடுத்தார். திப்புவின் வாளுக்கு மட்டும் எப்படி அத்தனை கோடி என்று கேட்டார். நியாயமான கேள்விதான். திரும்பி வரும் வழியில், பேருந்தில் அமர்ந்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

வாள் மட்டுமல்ல, திப்புவின் துப்பாக்கிகளும் விலைபோயிருக்கின்றன. 2015இல் இலண்டனில் ஒன்று ஏழு இலட்சம் பவுனுக்கு மேல். 2019இல் இங்கிலாந்தின் பெர்க்சயரில், கும்பினி அதிகாரி ஒருவரின் குடும்பத்தார் பரணில் கிடந்த ஒன்று 60 ஆயிரம் பவுன். சீரங்கப்பட்டணத்தில் அரசருக்கென்று செய்த துப்பாக்கிகளில் புலிவரி அலங்காரம் இருக்கும்; திப்பு ஏற்படுத்திய மவ்லூதி ஆண்டுக் கணக்கில் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். பொருளே தன் பெயரைச் சொல்கிறது. அதற்கு மேலே ஆவணங்கள். கோட்டை விழுந்ததும் வெற்றி பெற்ற படை, கொள்ளைப் பொருள்களைப் பங்கிடுவதற்கென்றே ஒரு குழு அமைத்தது. அந்த வாள் தளபதி பேர்டுக்கு வழங்கப்பட்டது. அவ்வாறு வழங்கப்பட்டதற்குச் சான்று உண்டு. இதில் கசப்பான உண்மை ஒன்றும் உண்டு. இழந்தவரின் பெயரால் விலை ஏறுகிறது. எடுத்தவரின் சீட்டால் அது உறுதியாகிறது.

“நம் ஊரில் நடந்தது வேறு” என்றேன். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். 1801 டிசம்பர் முதல் நாள் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிக்கை, பாளையத்தார் ஆயுதம் தாங்குவதையே தடை செய்தது. ஈட்டியும் துப்பாக்கியும் பறிக்கப்பட்டன. எது எவருடையது என்று எழுதிவைத்துச் சீட்டுக் கொடுப்பார் இல்லை. இன்று நாம் காணும் கோட்டைகூட 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக்கோட்டைதானே! ஆகவே அந்தப் போரில் இருந்த துப்பாக்கி என்று எதைக் காட்டினாலும், பொருள் சொல்லும் சாட்சியமே மிஞ்சும். நம் பொருள் நமக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

இன்னொன்றையும் சொன்னேன். இலண்டன் விலை நமக்கு விலையே அன்று. நூறாண்டுக்கு மேற்பட்ட பழம்பொருளைத் தனியார் எவரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் தரவில்லை. உள்நாட்டில் அவற்றை வாணிகம் செய்யவும் உரிமம் வேண்டும். தொலைபேசியில் விலை பேசும் தரகருக்கு அந்த உரிமம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். காக்கா வெளியே பனைமரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். மணியாச்சி விலக்கு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, “வாப்பா பொய் சொல்வார்களா தம்பி?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. துப்பாக்கியை மதிப்பிடச் சென்ற நான், மறைந்துபோன ஒரு பெரியவரின் வாக்கை மதிப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அந்த வீட்டில் அனைவரும் கூடினோம். பெரியும்மா பாயில் சுவரோரமாகச் சாய்ந்திருந்தார்கள். தங்கை வாசற்படி ஓரம் அமர்ந்திருந்தாள். நான் சொல்ல வேண்டியதை எவ்வளவு மென்மையாகச் சொல்ல இயலுமோ அவ்வளவு மென்மையாகச் சொன்னேன். பத்தாயிரம் என்ற எண்ணைச் சொன்னபோது இளையவன் தலைகுனிந்தான். கண்ணீரை எதிர்பார்த்துத் தங்கையைப் பார்த்தேன். அவள் அழவில்லை. சிறிது நேரம் அந்த இரண்டு மரமுளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காக்கா, நான் ஒண்ணு கேட்கலாமா?” என்றாள். “வாப்பா சொன்ன கதை மெய்யா இருந்தா, அந்தத் துப்பாக்கி யாருடையது?”

எவரும் பேசவில்லை.

“அந்த மனுசர் அமானிதமா வச்சிட்டுப் போனது. அமானிதம் வாப்பாவின் சொத்தாகுமா? நாற்பதாகவும் பங்கு வைக்க முடியாது, எனக்கு ஒருத்திக்கும் கொடுக்க முடியாது. கதை பொய்யா இருந்தா அது பத்தாயிரம் ரூபாய் இரும்பு. ரெண்டில் எது ஆனாலும் என் பங்கு நிலத்தில்தானே இருக்கு? இதை நான் முதல்லயே யோசிச்சிருக்கணும். வாப்பா நினைவா இருக்கட்டும்னு ஆசையில சரின்னுட்டேன்.”

ஏடுகளைப் புரட்டியும் குழலை அளந்தும் நான் ஒரு வாரம் பாடுபட்டுச் சொன்னதை, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட அவள் இரண்டு கேள்விகளில் தீர்த்துவிட்டாள். இருபது இலட்சம் என்ற விலை எந்தக் கதையிலிருந்து வந்ததோ, அந்தக் கதையே அந்த விற்பனையைத் தடுத்தது. அதை விற்க நினைத்தவரும் பார்க்கவில்லை; மதிப்பிடச் சென்ற நானும் பார்க்கவில்லை.

பெரியும்மா மெல்ல எழுந்து பெட்டகத்தைத் திறக்கச் சொன்னார்கள். அடியிலிருந்து, துணியில் சுற்றிய ஒரு பழைய கணக்கேட்டை எடுத்துத் தந்தோம். எங்கள் பூட்டனாரின் கையெழுத்து. முழுவதும் அரபுத் தமிழ். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அந்த முறையை எங்களில் ஒருவரும் கற்கவில்லை. பட்டம் பெற்ற நான்கு பேர் அந்த ஏட்டின்முன் எழுத்தறியாதவர்களாக நின்றோம். சிறுவயதில் ஓதும்போதே அதைக் கற்ற பெரியும்மா, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பக்கங்களைத் தள்ளி, விரல் வைத்துப் படித்தார்கள். ஹிஜ்ரி 1331. பருத்தி விற்ற வரவு. நிலாவிரை இலை தூத்துக்குடிக்கு ஏற்றிய வண்டிக் கூலி. அதன் கீழே, ‘பாளையங்கோட்டை ஏலத்தில் பழைய துப்பாக்கி 1க்கு ரூபாய் 11. பன்றி விரட்ட.’

“உங்க வாப்பா எனக்கு நிக்காஹ் ஆன வருசமே இதைப் படிச்சுக் காட்டினாங்க” என்றார்கள் பெரியும்மா. “பிள்ளைகளுக்கு ஒரு நல்லதைச் சொல்லிக்கொடுக்க ஒரு கதை வேணும்னாங்க. விக்கிறதுக்குச் சொன்ன கதையில்ல அது.”

காக்கா எழுந்து வெளியே சென்றார். சற்று நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். “நிலத்தை அளக்கச் சொல்லிவிடு தம்பி” என்று இளையவனிடம் கூறினார். தரகருக்கு அன்றிரவே முடியாது என்று சொல்லிவிட்டதாகப் பிறகு அறிந்தேன்.

நிலம் அளக்கப்பட்டு அவரவர் பெயரில் பத்திரமும் பதிவாகிவிட்டது. தங்கைக்கு நாற்பதில் ஏழு, குறையாமல். ஓடைக்கரையை ஒட்டிய துண்டு அது. கருநிறக் கரிசல், இந்த ஆண்டு உளுந்து போட்டிருக்கிறாள்.

துப்பாக்கியை மட்டும் பிரிக்கவில்லை. விலை வைக்காமல் பொதுவில் விட்டார்கள். என்றேனும் சட்டப்படி விற்க நேர்ந்தால் விற்றதை நாற்பதாகப் பிரிப்பது என்று எழுதிக்கொண்டார்கள். வாங்குவாரில்லாத பொருளுக்கு விலை எழுதாமல் விடுவதும் ஒரு நேர்மையான மதிப்பீடுதான் என்று நான் எண்ணுகிறேன். சுடுவதற்கு உதவாத பழம்பொருளாக அதனை அறிவித்து, ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி விலக்குப் பெற இயலுமா என்று இளையவன் விசாரித்துக்கொண்டிருக்கிறான். அப்பிரிவு பழுது பார்த்தும் சுட முடியாத பழம்பொருளுக்கே இடம் தருகிறது. எங்கள் துப்பாக்கியோ இன்னும் சுடும் நிலையிலேயே இருப்பதாக நண்பர் சொன்னார். ஆகவே அது இப்போதைக்கு வணிகரின் அறையிலேயே இருக்கிறது.

வைப்புக் கட்டணம் ஆண்டுக்கு 400 ரூபாய். பெரியும்மா 50, ஆண்மக்கள் 140, 140. தங்கை தன் பங்கான 70 ரூபாயை எவரும் கேட்குமுன்னே அனுப்பிவிடுகிறாள். பேரப்பிள்ளைக்கு அந்தக் கதையை இரவில் சொல்கிறாளாம். காயம்பட்ட வீரர் வருகிறார், கஞ்சி குடிக்கிறார், துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். முடிவில், ‘இது உன் பூட்டனார் நமக்காகச் சொன்ன கதை’ என்று ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்கிறாளாம். அந்தச் சிறுவனும் தவறாமல் கேட்கிறானாம், அவர் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று.